மயில் எழுந்து நிற்கும் அட்டை

சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட அம்மாவிடம் நீட்டிவிடுகிற என் அத்தை, ஒரு மே மாதத்தில் திடீரென்று கையால் வாழ்த்து அட்டை செய்யக் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. நான் அப்போதுதான் நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். எல்லாரும் எதையோ என்னிடம் மறைக்கிறார்கள் என்பது அந்த வயதில் என் திடமான கருத்து. பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது.

அத்தை என் அப்பாவின் தங்கை. பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று குரோம்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், மூன்று மாதமாகியும் போகவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால், "வெயில் தணியட்டும்னு இருக்கா" என்பாள் அம்மா. வெயில் ஏறிக்கொண்டேதான் இருந்தது. அந்த வெயிலிலும் அத்தை முழுக்கைச் சுடிதார்தான் போடுவாள். அப்பா தினமும் சாப்பிடும்போது ஒரே பாட்டைப் பாடுவார்.

"ஸ்கூல் தெறக்கறதுக்குள்ள உன்னைக் கொண்டுபோய் விட்டுடறேன். மாப்பிள்ளைகிட்ட நான் பேசறேன். நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போ."

அத்தை தலை குனிந்துகொண்டு மோர்சாதத்தைப் பிசைவாள். அவள் போய்விட்டால் மத்தியானங்களில் விளையாட ஆளில்லையே என்பது என் கவலை.

ஜி.எஸ்.டி. ரோட்டுக் கடையில் கலர் அட்டை, பசை, ஜிகினா, ஓரத்தை நெளிநெளியாக வெட்டும் கத்தரிக்கோல் எல்லாம் வாங்கி வந்தோம். செல்போனில் வீடியோ பார்த்துப் பாடம் ஆரம்பமானது. கெட்டி அட்டையை அப்படியே மடித்தால் மடிப்பு வெடித்துவிடும். ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் ஒரு கோடு அழுத்திவிட்டுத்தான் மடிக்க வேண்டும். எனக்கு இரண்டே நாளில் கைவந்துவிட்டது. அத்தை மடித்ததெல்லாம் கோணல். தோசைக்கு எண்ணெய் விடுவதுபோல் அவள் பசையைத் தாராளமாக விட்டதில், அட்டைகள் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கின. அதற்காக அவள் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் அப்பாவிடம், "பழைய கல்யாணப் பத்திரிகைங்கள்ல நல்ல கோல்டு டிசைன் இருக்கும்ணா. லாஃப்ட்லேர்ந்து அந்தப் பையை எடுத்துக் குடேன்" என்றாள்.

பிள்ளையார் படமும் மூலைகளில் தடவிய மஞ்சளும் இருப்பதால், எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணப் பத்திரிகையையும் குப்பையில் போடுவதில்லை. பல வருடத்துப் பத்திரிகைகள் ஒரு கட்டைப்பையில் மேலே கிடந்தன. அப்பா தும்மிக்கொண்டே இறக்கிக் கொடுத்தார். அத்தை குளித்துவிட்டு வருவதற்குள் நான் பையைக் கிளறி, இருந்ததிலேயே அழகான ஒன்றை எடுத்து என் அட்லஸுக்குள் ஒளித்துவைத்தேன். மெரூன் வெல்வெட், மேலே தங்க மயில். விட்டால் நல்லதையெல்லாம் அவளே எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

ஆனால் அத்தை எதையும் வெட்டவில்லை. ஒவ்வொரு பத்திரிகையாகத் திறந்து படித்தாள். பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்குக் காதும் குத்தியாகிவிட்ட கல்யாணங்களின் முகூர்த்த நேரத்தை யாராவது உட்கார்ந்து படிப்பார்களா? அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் அவசரமாகக் கத்தரிக்கோலை எடுத்து, கையில் கிடைத்த பிள்ளையாரை வெட்டுவாள். இரண்டு நாளில் பை காலியானது. அவள் அதன் அடிவரை கைவிட்டுத் துழாவியபோது முழுக்கை மேலே ஏறியது. முழங்கைக்கு மேல் வரிசையாக மூன்று கறுத்த தழும்புகள்.

"என்ன அத்தை அது?"

"குக்கர் சுட்டுடுச்சுடி" என்று கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இதுலேர்ந்து நீ எதாச்சும் எடுத்தியா?"

"இல்லையே."

அவள் முகம் தொங்கிப்போனது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும், இவ்வளவு ஆசைப்படுகிறாள் என்றால் என் மயில் லேசுப்பட்டதல்ல என்று வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பலாம் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை நான் கட்டிலுக்கடியில் உட்கார்ந்து வேலையை முடித்தேன். மேலட்டையிலிருந்து மயிலை வெட்டினேன். உள்தாளைத் திருப்பி மடித்து, மடிப்பில் இரண்டு வெட்டு வெட்டி உள்ளே தள்ளினால் ஒரு சின்னப் படி வரும். அதில் மயிலை ஒட்டினேன். அட்டையைத் திறந்தால் எழுந்து நிற்கும். வெற்றுப் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் 'அத்தை, போகாதே' என்று எழுதினேன். வெளியே தெரிந்த அச்செழுத்துகளைப் படித்துப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை அத்தையிடம் நீட்டினேன். திறந்தாள், மயில் எழுந்தது, சிரித்தாள். பிறகு பின்பக்கம் திருப்பினாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதாள். என் கைவேலையைப் பார்த்து ஒருவர் அழுதது அதுவே முதல் தடவை; எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அது அவளுடைய கல்யாணப் பத்திரிகை. கல்யாணம் பதிவு செய்யப்படவில்லை. கல்யாண ஆல்பம் அவள் புருஷன் வீட்டில். எங்களிடம் மிஞ்சிய பத்திரிகைக் கட்டு ஒரு மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது போய்விட்டது. சொந்தக்காரர்களிடம் கேட்டால் அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் போன் வந்துவிடும். விவாகரத்து மனுவோடு வைக்க அவளுக்கு ஒரு பத்திரிகை வேண்டியிருந்தது. இதெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகு எனக்குத் தெரிந்தது.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், ஜிகினா வாங்கப் போகிறோம் என்று அத்தை என்னை மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு அழைத்துப்போனாள் என்பதுதான். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மாடி அறை. உள்ளே ஒரு அம்மாள்; அவர் நாற்காலியில் கறுப்புக் கோட்டு தொங்கியது. கறுப்புக் கோட்டு என்றால் எனக்கு டிக்கெட் பரிசோதகர்தான். இந்த அம்மாளிடம் அட்டையை ஏன் காட்டுகிறாள் என்று புரியவில்லை. அவர் அச்செழுத்துப் பக்கத்தைப் படித்தார். "மாப்பிள்ளையோட படிப்பு மட்டும்தான் வெட்டுப்பட்டிருக்கு, பரவால்ல" என்றார். உள்ளே திறந்தார். மயில் எழுந்தது. நான் எழுதியதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் செஞ்சது இது?"

"நான்தான்" என்றேன், அத்தை முந்திக்கொள்வதற்குள்.

"இப்படியே இருக்கட்டும். எதையும் பிரிக்க வேணாம்" என்று ஃபைலில் வைத்து ஒரு நம்பர் எழுதினார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது ஏதோ போட்டி. என் அட்டையை அத்தை தன் பெயரில் கொடுக்கிறாள். திரும்பும்போது ரயிலில் கேட்டேவிட்டேன்.

"பரிசு வந்தா யாருக்கு?"

"வந்தா ரெண்டு பேருக்கும்டி."

அன்று சாயங்காலம், "நான் வரலைண்ணா" என்றாள் அப்பாவிடம். அப்பா கத்தினார். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை யாரும் எங்கும் கிளம்பவில்லை.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் அத்தை மைசூர்பாக்கோடு வந்து, "பரிசு வந்துடுச்சுடி" என்றாள். அரைக்கைச் சுடிதார் போட்டிருந்தாள். என் பங்கை வாங்கிக்கொண்டு, டப்பாவில் மீதி எத்தனை இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன்.

அந்தக் கோடையில் நான் சந்தேகப்படாத ஆளில்லை. அத்தையை, அம்மாவை, டிக்கெட் பரிசோதகர் அம்மாளை, ஒருவரையும் விடவில்லை. குக்கர் எப்படி முழங்கைக்கு மேலே, வரிசையாக, மூன்று இடத்தில் சுடும் என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.