'வாரேனுங்க' சொன்னால் திருட்டாகாது

காங்கேயத்துக்குப் பக்கத்தில் வெங்கடபதியின் கொப்பரைக் களத்தில் நாச்சியம்மாளும் நானும் பத்து வருடமாகத் தேங்காய் உடைத்துக் காயப்போடுகிறோம். அவளுக்குக் கை வேகம். வாய் அதைவிட வேகம். போன மாசியில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் போனை வாயருகே வைத்து, பெரிய மனுஷி மாதிரி பேசி, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள்.

"ஏனுங்க, நாளைக்குக் காங்கேயம் வெங்கடபதி களத்துல காவல் இல்லீங்க. பையோட வாங்க, கொப்பரைய அள்ளிக்குங்க. போறப்ப மறக்காம 'வாரேனுங்க'ன்னு சொல்லிப்போடுங்க. சொல்லிட்டுப் போனா அது திருட்டாகாதுங்க!"

நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். மறைப்பானேன்?

இரண்டே நாளில் அந்தக் குரல் சோமனூர் வரை போய்விட்டது. யார் பேசியது என்று மட்டும் அங்கே யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் ரூபன் என்ற தறிக்காரர் அங்கிருந்து எங்கள் களத்துக்கே வந்து, நாங்கள் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, பை நிறைய அள்ளியிருக்கிறார். பேசாமல் போயிருந்தால் தப்பியிருப்பார். நம்ம ஊர் மரியாதை விடுமா? வாசலில் காரை விட்டு இறங்கிய முதலாளியைக் கும்பிட்டு, "வாரேனுங்க" என்றாராம்!

போலீஸ் வந்தது. ரூபன் போனை நீட்டி அந்தக் குரலைப் போட்டுக் காட்டினார்.

"தமாசுங்க சார்... எல்லாரும் எடுக்கறாங்கன்னு நெனச்சுப்போட்டேனுங்க."

"தமாச கோர்ட்டுல போய்ச் சொல்லுய்யா," என்றார் எஸ்.ஐ. "இந்தப் பொம்பள யாருன்னு தெரிஞ்சா அவளையும் சேத்துத்தான் வண்டில ஏத்துவேன்."

நான் நாச்சியம்மாளின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அடிப்பாவி, வாயை மூடிக்கொண்டு இரு! அவள் கூலியில்தான் அந்த வீட்டில் அடுப்பே எரிகிறது. அவளோ ரூபனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முன்னால் போய் நின்றாள்.

"அது என்ர கொரலுங்க. வேணும்னா இன்னொருக்கா பேசிக் காட்டட்டுங்களா?"

எஸ்.ஐ.க்கே சிரிப்பு வந்துவிட்டது. முதலாளிக்கு வரவில்லை.

"கேஸு வேண்டாங்க சார், சரக்குத்தான் திரும்பிருச்சே," என்றார் முதலாளி கடைசியில். "ஆனா அம்மணி, நாளையிலிருந்து நீ வாசல்ல நில்லு. உன்ர பேச்சக் கேட்டு வர்றவங்கள நீயே திருப்பி அனுப்பு."

அன்றே மன்னிப்புக் கேட்டு இன்னொன்று பேசிப் போட்டாள். அதை ஒரு ஜீவன்கூட பார்வர்டு செய்யவில்லை. பழையது மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

நேற்றும் ஒருவர் தாராபுரம் பஸ்ஸிலிருந்து சாக்குப்பையோடு இறங்கினார். விஷயம் தெரிந்ததும் அவருக்கு வந்ததே கோபம்!

"எந்தக் கிறுக்கியுங்க இப்படிச் சொல்லித் தொலச்சது?"

"நாந்தானுங்க," என்றாள் நாச்சியம்மாள். "பாத்துப் போங்க. 'வாரேனுங்க'ன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க."