நடக்காத சாவுக்கு வாசித்த வயோலா

பதுளை பஸ் நிலையத்தில், என் தோளில் தொங்கும் கறுப்புப் பெட்டியைப் பார்த்து யாராவது "வயலினா டீச்சர்?" என்று கேட்டால், இப்போதெல்லாம் "ஆமாங்க" என்று சொல்லிவிடுகிறேன். இருபது வருடமாக "இல்லைங்க, வயோலா" என்று திருத்தித் திருத்தி ஓய்ந்துபோன வாய் இது. அது என்ன என்று கேட்பார்கள். வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, சத்தம் கொஞ்சம் கீழே இருக்கும் என்பேன். "அப்ப வயலினே வாசிச்சிருக்கலாமே" என்பார்கள். அதற்கு நாகரிகமான பதில் என்னிடம் இல்லை. பள்ளிக்கூடத்தில் வயலின் எல்லாம் மற்றப் பிள்ளைகளுக்குப் போய்விட்டது, மிச்சம் கிடந்தது இது ஒன்றுதான், என் கையும் நீளம். இதற்குப் பின்னால் பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

மிச்சம் கிடந்ததை வைத்துக்கொண்டே கொழும்பு வரைக்கும் போனேன். அங்கே ஒரு மேற்கத்திய இசைக்குழுவில் பதினொரு வருடம் நடுவரிசையில் உட்கார்ந்திருந்தேன். வயலின்கள் மேலே பாடும், செலோக்கள் கீழே உறுமும், நடுவில் நாங்கள் குழம்பில் உப்பு மாதிரி. இருக்கிறவரை யாரும் கவனிக்கமாட்டார்கள். பிறகு தனியாகவும் மேடையேறினேன். தனி வயோலா கேட்க எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்காதீர்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார்கள் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். இப்போது பதுளையில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் வகுப்பு நடத்துகிறேன். பதினான்கு பிள்ளைகள் வயலின், ஒரு பிள்ளை வயோலா. அந்த ஒரு பிள்ளையின் அம்மாவும் மாதம் தவறாமல் வந்து, "கொஞ்ச நாள் போனா சின்னதுக்கு மாத்திருவீங்கதானே டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது அப்பா.

அப்பா மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் முப்பது வருடத்துக்கு மேல் ரோலர் மெஷின் ஓட்டியவர். தோட்டத்தில் அவருக்குப் பெயரே மெஷின்காரர்தான். மெஷினில் ஏதாவது கோளாறு என்றால் ஒரு நீட்டு இரும்புக் கம்பியின் ஒரு முனையை மெஷினில் வைப்பார், மறுமுனையைக் காதோரம் வைப்பார், கண்ணை மூடித் தலையை இடப்பக்கம் சாய்ப்பார். அந்த நேரம் தோட்டத்தை நடத்தும் துரைகூட வாய் திறக்கமாட்டார். கொஞ்சம் கழித்து எந்த பெயாரிங் போகப்போகிறது என்று அப்பா சொல்வார், அதுதான் போகும். அதே காதுக்கு வீட்டில் போன் அடிப்பது கேட்காது, குக்கர் விசில் கேட்காது. எத்தனையோ பருப்பு கருகியிருக்கிறது. அம்மா இருந்த காலத்தில், "வேணும்னா கேக்கும், வேணாம்னா கேக்காது, அப்பிடி ஒரு காது" என்பாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் வாசிப்பைக் கேட்கக் கொழும்புக்கு வந்தது ஒரே ஒரு தடவை. இசைக்குழுவின் பெரிய கச்சேரி. மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தேன். வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தார். முடிந்ததும் ஓடிப்போய், "எப்படிப்பா இருந்துச்சு?" என்றேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு. எல்லாரும் ஒரே மாதிரி கைய ஆட்டுனீங்க. உன் சத்தம் எதுன்னுதான் தெரியல பாப்பா."

அவர் சொன்னதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு தனிக் கச்சேரி வந்தபோது கூப்பிட்டேன். "போன தடவையே ஒண்ணும் வெளங்கல, வயசான காலத்துல எதுக்கு பஸ்ஸு" என்றுவிட்டார். அத்தோடு நானும் கூப்பிடுவதை நிறுத்தினேன். ரோஷம்தான், வேறென்ன. அவர் பெண்தானே நான். ஆனால் போன வருடம் அவருக்கு எழுபத்தாறு முடிந்தபோது, இந்த ரோஷத்தை வைத்துக்கொண்டு என்ன சாதிக்கப்போகிறேன் என்று தோன்றியது. அவர் ஒரு தடவையாவது என் சத்தத்தை, வேறு யாருடைய சத்தமும் கலக்காமல், கேட்டுவிட வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவர் வரமாட்டார் என்றால் நான் போவது என்று முடிவெடுத்தேன்.

தோட்டத்துக் கோயில் தலைவரிடம் போனில் பேசினேன். "தாராளமா வைப்போம் டீச்சர். வெள்ளிக்கெழம பூசை முடிஞ்சோன ஆறு மணிக்கு. கூட்டம் மட்டும் எதிர்பாக்காதீங்க, அந்த நேரம் எல்லாரும் டீவியில நாடகம் பாப்பாங்க" என்றார். எனக்குக் கூட்டம் வேண்டாம், ஒருவர் இருந்தால் போதும் என்றேன். அதை அவர் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வாடகைக் காரில் போய் இறங்கினேன். அப்பா ஒரு வாரத் தாடியோடு நின்றார். அதே காரில் ஏற்றி, டவுனுக்குப் போய் முடி வெட்டி ஷேவ் எடுத்து வரச் சொல்லி அனுப்பினேன். காரில் ஏறினால் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவது அவர் வழக்கம். பின்சீட்டில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்தபடி அவர் போனதை ரோட்டோரம் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பார்த்திருக்கிறார்கள். அது எனக்கு அப்போது தெரியாது.

இரண்டு மணிக்கு ஒலிபெருக்கிக்காரர் வந்தார். கோயில் மண்டபத்தில் கரண்ட் இல்லை, மாலைக்குள் வந்துவிடும், அதுவரை எங்கள் வீட்டில் வைத்துச் சோதித்துப் பார்ப்போம் என்றார். லயம் என்று நாங்கள் சொல்லும் எங்கள் வரிசை வீடுகளின் கோடியில் நின்ற கொய்யா மரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, அதன் வாயை மலைப்பக்கம் திருப்பினார்.

"மலைப்பக்கம் எதுக்குங்க?"

"நம்ம எப்பவும் அப்பிடித்தான் கட்டுறது டீச்சர்."

எப்பவும் என்றால் எப்போது என்று நான் கேட்டிருக்க வேண்டும். அம்மா போன அன்றைக்கும் அதே மரத்தில் அதே ஸ்பீக்கரைக் கட்டியவர் அவர்தான். எங்கள் தோட்டத்தில் யாராவது இறந்துவிட்டால் முதலில் அந்த வீட்டு வாசலில் ஸ்பீக்கர் ஏறும், சோகமான நாதஸ்வரம் போடுவார்கள். மலையில் நிற்பவர்கள் கொழுந்தை விட்டுவிட்டு, சத்தம் எந்த லயத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பார்கள். அன்றைய வேலை அத்தோடு முடிந்தது, எல்லோரும் இறங்கிவிடுவார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் மைக் முன்னால் வாத்தியத்தோடு நிற்பவளுக்கு ஊர் உலகம் எதுவும் ஞாபகம் இருக்காது.

சோதனைக்காக, அன்றைக்கு வாசிக்க வைத்திருந்ததிலேயே மெதுவான பகுதியை எடுத்தேன். முந்நூறு வருடத்துக்கு முன்னால் எங்கோ குளிர் தேசத்தில் ஒருவர் எழுதியது. வில்லை இழுக்க இழுக்கச் சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. எனக்கே என் வாசிப்புப் பிடித்துப்போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன்.

பாதியில் இன்னொரு குரல் என்னோடு சேர்ந்தது. சுருதி பிசகாமல் சேர்ந்தது, அதனால்தான் உடனே எனக்கு உறைக்கவில்லை.

"மெஷினு ஓஞ்சிருச்சே, மெல்லப் பேசும் மகராசா..."

கண்ணைத் திறந்தேன். மேல் லயத்து அத்தை எங்கள் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பின் படியில் உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். அப்பா மெல்லப் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை. முப்பது வருடம் பெக்டரிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகியவர், கோயிலில் சாமி கும்பிடும்போதுகூடக் கத்தித்தான் கும்பிடுவார். அத்தைக்குப் பின்னால் வாசல் நிறையப் பெண்கள், கொழுந்து எடுக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்திருந்தார்கள். ஆண்கள் பக்கத்து வீடுகளிலிருந்து பெஞ்சுகளைத் தூக்கி வந்து போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வில்லை நிறுத்தினேன். அத்தை என் முழங்காலைக் கட்டிக்கொண்டார். "நிறுத்தாத பாப்பா. அப்பாவுக்கு நீ செய்யிற கடமை, வாசி."

"அத்தை, அப்பா முடி வெட்டப் போயிருக்காரு."

அத்தை என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "புள்ளைக்கு அதிர்ச்சி" என்றார். "கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல பாருங்க. இது நல்லதில்ல. அழுதுரு பாப்பா, அழுதுரு."

"சலூனுக்குத்தான் அத்தை. ஷேவ் எடுக்க."

"கார்ல தலை சாஞ்சு கெடந்தாரே, நான்தானே பாத்தேன்" என்று ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். அதோடு பத்துப் பேர் சேர்ந்து அழ ஆரம்பித்தார்கள், நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. கோயில் தலைவர் ஒரு மாலையோடு ஓடி வந்தார். சுகமாக இருக்கும் மனிதருக்கு அவ்வளவு பெரிய மாலை யாரும் வாங்கமாட்டார்கள். "கச்சேரிய இன்னொரு நாளைக்கு வச்சுக்குவோம் டீச்சர், மனச தளர விட்றாதீங்க" என்றார். யாருக்கு எதை விளக்குவது என்று தெரியாமல் வயோலாவை அணைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கோலம் அவர்களுடைய சந்தேகத்தைத் தீர்த்து வைத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்து சேர்ந்தார். வழவழவென்று ஷேவ், கத்தரித்த முடி, நான் சொல்லாமலே மீசைக்கும் தலைக்கும் கறுப்பு மை. நான் அவரைப் பார்க்கவில்லை. லயத்தில் எல்லா வீட்டுக்கும் வாசல் ஒன்றுதான் என்பதால், அழுகிற கூட்டத்தைக் கண்டதும் பக்கத்து வீட்டுச் சாவு என்று நினைத்து, அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, முறைப்படி ஆண்கள் பெஞ்சின் கோடியில் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரம் பொறுத்து, பக்கத்தில் இருந்தவரிடம், "யாருங்க?" என்று கேட்டாராம். அவரும் தலை நிமிராமல், "நம்ம மெஷின்காரரு. நல்ல மனுசன்" என்றாராம்.

"எந்த மெஷின்காரரு?"

பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவர் எழுந்த வேகத்தில் பெஞ்சு கவிழ்ந்து, அப்பாவும் சேர்த்து நான்கு பேர் புழுதியில் கிடந்தார்கள். அதைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

அடுத்த கால் மணி நேரம் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல என்னால் முடியாது. இரண்டு பேர் அப்பாவைத் தொட்டுப் பார்த்தார்கள். இவ்வளவு நேரம் அழ வைத்துவிட்டாரே என்று அத்தைக்குக் கோபம், அதை அவர் முகத்துக்கு நேரேயே சொன்னார். கோயில் தலைவர் மாலையை வைத்துக்கொண்டு தவித்தார். உயிரோடு இருப்பவர் கழுத்தில் போட முடியாது, வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. கடைசியில் அதை ஸ்பீக்கரின் கழுத்தில் மாட்டினார். அப்பாவுக்கு மட்டும் பரம சந்தோஷம். "எத்தன பேரு வருவாங்கன்னு இப்பவே தெரிஞ்சிகிட்டேன்" என்று கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தவர், "சின்னக் கங்காணி மட்டும் வரல" என்று அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

மோட்டார் சைக்கிளில் துக்க முகத்தோடு வந்து இறங்கிய, மலை வேலையை மேற்பார்க்கும் தோட்டத்து ஐயா, விஷயத்தைக் கேட்டதும் எல்லோரையும் திரும்ப மலைக்கு அனுப்ப வாயெடுத்தார். எழுபது எண்பது பேர் அவரையே பார்த்தார்கள். "சரி, டீச்சர் வாசிக்கத்தானே வந்தாங்க, வாசிக்கட்டும்" என்று அவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். என் வாழ்க்கையில் தனி வயோலாவுக்கு அவ்வளவு கூட்டம் வந்ததே இல்லை.

மைக்கை நிறுத்தச் சொன்னேன். அப்பாவை நாற்காலியில் எனக்கு நேர் எதிரே உட்கார வைத்துவிட்டு இஸ்தோப்பில் ஏறி நின்றேன். இந்தத் தடவையும் ஒன்றும் விளங்கவில்லை என்றால், இனிக் கூட்டிப்போகவோ தேடிப்போகவோ எனக்கு வேறு இடம் கிடையாது. அதே மெதுவான பகுதியையே திரும்ப எடுத்தேன்.

நான்கைந்து வரி போயிருக்கும். அப்பாவைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். தலை மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. கம்பி மட்டும்தான் கையில் இல்லை. எந்த பெயாரிங் போகப்போகிறது என்று சொல்வாரோ என்ற பயத்திலேயே முழுவதையும் வாசித்து முடித்தேன்.

யாரும் கை தட்டவில்லை. இழவு வீடாக ஆரம்பித்த இடத்தில் தட்டலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அப்பா கண்ணைத் திறந்தார்.

"இதுதான் உன் சத்தமா?"

"ஆமாப்பா."

"இது கொழும்புலயே கேட்டுச்சே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அன்னைக்கு முன்னாடி இருந்த வயலின் ஆளுங்க சும்மா கைய ஆட்டுனாங்களே தவிர, எனக்கு பாதிக்கு மேல ஒண்ணும் கேக்கல. ஆனா அடியில இந்தச் சத்தம் மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஹாலுக்கு கீழ ஏதோ மெஷின் போட்டிருக்காங்கன்னு நெனைச்சேன். ரெண்டு மணி நேரமும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். எங்கயும் ஒதறல, எங்கயும் நிக்கல. நல்ல மெஷின், ஓட்டுறவனும் நல்ல ஆளுன்னு நெனைச்சேன்."

குக்கர் விசிலும் போன் மணியும் அப்போதுதான் எனக்கு விளங்கின. உயர்ந்த சத்தங்களை எல்லாம் பெக்டரி எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. அவருக்கு மிச்சம் விட்டு வைத்தது கீழ்ச் சத்தங்களை மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு எனக்கு ஒரு வயலின் கிடைத்திருந்தால் அப்பா என்னைக் கேட்டிருக்கவே மாட்டார். அவர் கேட்டதில் செலோக்களும் கலந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதை நான் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை.

வயோலாவைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். அத்தை பக்கத்தில் வந்து என் முதுகைத் தடவினார்.

"அப்பாடா, இப்பத்தான் புள்ளைக்கு அழுகை வந்துச்சு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, அவிழ்த்த முடியை அள்ளி முடிந்துகொண்டார்.