ஒரு நீளம், இரண்டு குட்டை

போன மாதம் என் சம்சாரம் ஆரோக்கியமேரிக்குக் கண் காட்டப் போன ஊரில், ரயில் நிலையத்து வாசலில் ஒரு ஒய்.பி. இன்ஜினை நிறுத்திவைத்திருந்தார்கள். சுற்றிலும் சங்கிலி, புல்தரை, விளக்கு. கிட்டப் போய் மோந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள். பதினாறு வருஷம் ஃபயர்மேனாக அதன் வயிற்றுக்குக் கரி அள்ளிப் போட்டவன் நான். நனைந்த கரியும் சூடான எண்ணெயும் கலந்த அந்த வாசனை, எத்தனை துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாத வாசனை, துளியும் இல்லை. வெறும் பெயின்டு வாசனை. அதுதான் என்னைக் கவிழ்த்துவிட்டது.

ஒய்.பி. என்பது மீட்டர்கேஜில் பாசஞ்சர் வண்டி இழுக்க ஒரே அளவில் நூற்றுக்கணக்கில் செய்த இன்ஜின். ஒன்றின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டலாம். நம்பர் பலகையை மறைத்துவிட்டால் ஷெட்டு ஃபோர்மேனே தடுமாறுவார். விசிலும் அப்படித்தான், எல்லாவற்றுக்கும் ஒரே தொண்டை. அதனால் பாதை ஓரத்து ஊர்க்காரர்களான நாங்கள் ஆளுக்கொரு கூவல் வைத்திருந்தோம். என்னுடையது ஒரு நீளம், இரண்டு குட்டை. சின்னசேலம் தாண்டி, இடது பக்கம் கூடவே வந்த கல்வராயன் மலை பின்தங்கி, நைனார்பாளையம் ரோட்டு கேட் வந்ததும் டிரைவர் தலையை ஆட்டுவார். நான் விசில் கயிற்றை இழுப்பேன். கொல்லையில் நிற்கிற மேரிக்குக் கேட்கும். நான் இந்த வண்டியில் இருக்கிறேன், விருத்தாசலத்தில் டூட்டி முடிந்ததும் திரும்புகிற கூட்ஸில் ஏறிப் பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று அர்த்தம். ஒருத்தன் கூவலை இன்னொருத்தன் கூவக் கூடாது. சாமியார் சொன்ன பத்துக் கட்டளையைவிட இதை நாங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம்.

மேரி முதல் பிள்ளையைச் சுமந்து நாள் நெருங்கியிருந்த சமயம், பெரிய ரிப்பேருக்குப் போயிருந்த ஒரு ஒய்.பி. புதுப் பெயின்டோடு ஷெட்டுக்குத் திரும்பி வந்தது. மறுநாள் அதன் முன்னால் ஷெட்டு ஆட்களை நிற்கவைத்துப் போட்டோ எடுக்கப் போகிறார்கள் என்றார்கள். எனக்கோ பாசஞ்சரில் டூட்டி. அந்த வயதில் எனக்கு மீசை நன்றாக இருக்கும், புத்திதான் கொஞ்சம் கம்மி. ஞானப்பிரகாசத்திடம் போய் நின்றேன். எலவனாசூர்கோட்டைக்காரன், என்னோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்த ஃபயர்மேன்.

“நாளைக்கு என் வண்டிக்கு நீ போடா. நான் போட்டோவுக்கு நின்னுக்கிறேன்.”

“மேரிக்கு நாளு நெருங்கிக்கினு இருக்குது. போட்டோ இன்னாடா போட்டோ?”

“இன்னும் பத்து நாளு இருக்குது. கேட்டாண்ட போறப்ப என் கூவலைக் கூவிடு. சத்தம் வரலன்னா பயந்துக்குவா.”

“அது தப்புடா.”

“ஒரு நாளைக்குத்தானே.”

தலையைச் சொறிந்தான். பிறகு சரி என்றான். என் பேச்சை அவன் தட்டியதே இல்லை.

மறுநாள் மத்தியானம் மேரிக்கு வலி எடுத்துவிட்டது. பக்கத்து வீட்டு ராமலிங்கம் கரும்பு ஏற்றுகிற மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“கெளம்பும்மா, வலி ஜாஸ்தியாவறதுக்குள்ள கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்.”

அவள் வண்டியில் காலை வைக்கப் போகும்போது பாசஞ்சர் கேட்டைத் தாண்டியது. ஒரு நீளம், இரண்டு குட்டை.

“அவரு வந்துக்கினு இருக்காருண்ணே. வந்ததும் சேந்தே போறோம்” என்று சொல்லித் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

மாட்டை அவிழ்க்காமலே ராமலிங்கம் காத்திருந்தார். பொழுது சாய்ந்தது. நான் ஷெட்டில் மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன். இனிமேல் தாங்காது என்று அவர்கள் கிளம்பி, சின்னசேலம் தாண்டுவதற்குள் வண்டியிலேயே பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை.

ராத்திரி ஷெட்டிலேயே தங்கிவிட்டு, மறுநாள் காலை பெயின்டு வாசனையோடு வீட்டில் போய் நின்றேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“கூவுனீங்களே. ஏங்க வரல?”

“நான் வண்டியிலயே இல்ல மேரி. டூட்டிய மாத்திட்டாங்க. ஞானம்தான் போனான். அவன் ஏன் என் கூவலைக் கூவுனான்னு தெரியல.”

இந்த வாயால்தான் சொன்னேன்.

சேதி தெரிந்து ஞானம் ஓடிவந்தான். மேரி பாயில் கிடந்தபடியே கத்தினாள்: “என் புள்ளைய முழுங்கிட்டியேடா!” அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். “தப்புதாம்மா” என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஷெட்டில் என் முகத்தைப் பார்த்தால் வேறு பக்கம் நடப்பான். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனை வெறுக்கவாவது எனக்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கும். அவன் செத்தபோது மேரி போகவில்லை. அவளைத் தனியாக விட முடியாது என்று நானும் போகவில்லை. அந்தப் போட்டோ டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. அதில் எனக்குக் கண் மூடியிருக்கிறது.

இன்ஜின் பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். யாரோ ஒரு குழந்தை அமுக்க, ஒலிபெருக்கியில் பழைய விசில் கூவியது. மேரி என் கையைப் பிடித்தாள். “போலாங்க” என்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மேரி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பிறகு, முதல் தடவையாகச் சொன்னாள்.

“சாவறதுக்கு மின்ன ஞானம் ஒருவாட்டி நம்ம வூட்டுக்கு வந்தாரு. நீங்க இல்ல. ஏன் அன்னிக்குக் கூவுனீங்கன்னு கேட்டேன். பதிலே சொல்லாம நின்னுக்கினு இருந்துட்டுப் போயிட்டாரு. ஒரு காரணம் சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன். நெசமா மன்னிச்சிருப்பேங்க.”

நீராவி போயிற்று. மீட்டர்கேஜைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். மிச்ச ஒய்.பி.க்களை எடைக்குப் போட்டு உருக்கிவிட்டார்கள். அந்தக் காரணம் தெரிந்த இரண்டு பேரில் ஒருவன் எலவனாசூர்கோட்டைக் கல்லறையில் கிடக்கிறான். கேட் இருந்த இடத்தில் இப்போது சுரங்கப்பாதை. பஸ் அதற்குள் இறங்கித் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறியது. மேரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்டக்டரிடம் ஸ்டாப்பிங் வந்துவிட்டது என்று சொன்னேன்.