பால்கனியில செல்வி

எனக்கு இந்தப் பேய் பிசாசுல எல்லாம் நம்பிக்கை கெடையாது. பதினேழு வருசமா எம். புதுப்பட்டியில பட்டாசு கம்பெனியில வேலை பாக்கேன், திரி வெடிச்சு வலது கை நடுவிரல் பாதி போனப்பக்கூட மந்திரிக்கப் போகல, ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். நான் சொல்றத நம்புனா நம்புங்க, இல்லாட்டி விடுங்க.

செல்வி என் ஓரகத்தி, கொழுந்தன் பொண்டாட்டி. ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே வேலை. ஆனா அவ வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே அவ புருசன் வாங்கிக் குடுத்துருவாரு, என் வீட்டுக்காரருக்கு நான் கத்துனாலும் காது கேக்காது. அவ புதுச்சேலை கட்டுனா அன்னைக்கு எனக்குச் சோறு எறங்காது. ஆமா, பொறாமைதான், ஒங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது.

தீவாளிக்குக் கடைசி லோடு ஏறுன அன்னைக்கு மத்தியானமே வேலை முடிஞ்சிரும். கையில அலுமினியப் பவுடரு வெள்ளியா ஒட்டியிருக்கும், எம்புட்டு தேய்ச்சாலும் போகாது, அதோடயே சிவகாசிக்கு மேட்னி பாக்கப் போயிருவோம். அந்தத் தடவை செல்வியும் அவ புருசனும் தனியா, நாங்க தனியா. நாங்க போறதுக்குள்ள படம் போட்டுட்டான். எங்களுக்கு வழக்கம்போல செகண்ட் கிளாஸ், திரைக்கு முன்னால நாலாவது வரிசை. கழுத்து வலிக்குதேன்னு திரும்புறேன், மேல பால்கனி முன்வரிசையில செல்வி, கைப்பிடிச் சுவத்துல ரெண்டு கையையும் ஊனிக்கிட்டு உக்காந்திருக்கா. கல்யாணமான நாள்லருந்து நான் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத பால்கனி. பெறகு நான் எங்க படம் பாத்தேன், வயிறெரிய அவளத்தான் பாத்தேன்.

படம் விட்டு வெளிய வந்தா அவ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கா.

"ஏங்க்கா, மேல உக்காந்துட்டா கீழ இருக்கவ கண்ணுக்குத் தெரிய மாட்டாளா? படம் பூரா ஒங்களத்தான் பாத்தேன். ஒரு தடவை குனிஞ்சு பாத்தீகளா?"

அவளும் செகண்ட் கிளாஸாம், எங்களுக்குப் பின்னால எங்கனயோ.

நீதான், நீங்கதான்னு சண்டை முத்துனதக் கேட்டு, டிக்கெட் கிழிக்கிறவரு சிரிச்சாரு. கூரை ஒழுகுதுன்னு பால்கனியப் பூட்டி மூணு வருசமாச்சாம். நம்பாம நாங்க மல்லுக்கு நிக்கவும், சாவியோட கூட்டிட்டுப் போய்த் தொறந்து காட்டுனாரு. சீட்டு, படி, எல்லாம் ஒரே தூசி, ஒரு காலடித் தடம் இல்ல. முன்வரிசைக் கைப்பிடிச் சுவத்துல மட்டும் பக்கத்துல பக்கத்துல நாலு உள்ளங்கை, வெள்ளியா மின்னுச்சு. அதுல ஒண்ணுல நடுவிரல் பாதிதான் பதிஞ்சிருந்துச்சு.

அந்தப் படம் என்ன கதைன்னு எனக்கும் தெரியாது, செல்விக்கும் தெரியாது. மேல உக்காந்திருந்த அந்த ரெண்டு பேரும் சேந்து முழுசாப் பாத்திருப்பாளுக. அத நெனச்சா இன்னைக்கும் பயத்தவிட வயித்தெரிச்சல்தான் கூட வருது.