கை நனைக்காத பெரியப்பா

போன வாரம் என் அண்ணனுக்குக் கல்யாணம். மண்டபத்தில் இல்லை... வெள்ளிமலைப் பக்கம், பெண் வீட்டாரின் சாமை அறுத்த கொல்லையில்.

பத்திரிகை அடித்தது, சொந்தக்காரர்களுக்கு போன் போட்டது, "ஏன் மண்டபம் இல்லை?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னது — நான்தான். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். வேறு யாரிடம் விடுவார்கள்? பெருமையாகவே செய்தேன்.

ஒருவர் மட்டும் மசியவில்லை. பெரியப்பா. என் அப்பாவை வளர்த்து ஆளாக்கியவர். மலையில் பெண் எடுப்பதே அவருக்குப் பிடிக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் மண்டபமும் கிடையாது என்றதும் ஒரேயடியாக முறுக்கிக்கொண்டார். நான் நேரில் போய்ப் பேசினேன். சமத்துவம், சிக்கனம், சட்டம்... ஒரு பாயின்ட்டையும் விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்:

"வரேன். ஆனா அந்த வூட்ல கை நனைக்க மாட்டேன்."

எங்கள் பக்கம் இதைவிடக் கடுமையான வார்த்தை கிடையாது. சம்பந்தி வீட்டில் சாப்பிடாமல் போனால், அந்த உறவே வேண்டாம் என்று அர்த்தம். புதுப்பெண் ஆயுசுக்கும் அவருக்கு அந்நியம்தான். அப்பா? தன் அண்ணன் உட்காராத பந்தியில் அவரும் உட்கார மாட்டார். சேதி எப்படியோ எங்களுக்கு முன்பே மலையேறி, பெண் வீட்டார் காதுக்கும் போய்விட்டது.

கல்யாண நாள். மணமக்களுக்கு மட்டும் ஒரு சின்னப் பந்தல். மற்றவர்களுக்குத் தரையில் பாய். தாலி கட்டி முடிந்தது. அட்சதை போட்ட கையோடு பெரியப்பா போய், ஜீப் பக்கத்தில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இலை போட்டார்கள். அப்பா தண்ணீர்ச் சொம்பை வைத்துக்கொண்டு, பரிமாறுகிற ஆள் மாதிரி அங்குமிங்கும் நடந்தார்.

மலையில் மழை சொல்லிக்கொண்டா வரும்?

சடசடவென்று பிடித்துக்கொண்டது. இலையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் பாதி, பாயைத் தலையில் கவிழ்த்துக்கொண்டவர்கள் பாதி. ஒதுங்க இருந்தது அந்த ஒரே பந்தல். பெரியப்பாவும் வேறு வழியில்லாமல் உள்ளே வந்தார். இரண்டு கையிலும் தண்ணீர் சொட்டுகிறது. எதிரே நின்றது — புதுப்பெண் மல்லிகா.

துண்டை எடுத்து நீட்டினாள். பெரியப்பா கை நீட்டவில்லை.

"பெரிய மாமா," என்றாள் மெதுவாக. "அதான் எங்க கொல்லையில கை நனைஞ்சிடுச்சிங்களே... இனிமே சாப்டாம போனா எப்பிடிங்க?"

பெரியப்பா தன் கைகளையே பார்த்தார். மீசை லேசாக ஆடியது.

"இன்னாடா," என்று அப்பா பக்கம் திரும்பினார், "உம் மருமவ வக்கீலுக்குப் படிச்சிருக்குதா?"

"நர்ஸுங்கண்ணா," என்றார் அப்பா.

"அதான்... வலிக்காம குத்துது. சரி, எலையப் போடச் சொல்லு. நீயும் வந்து குந்து."

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பக்கத்து இலையில் என் அப்பா. அப்பாடா... நான் அப்போதுதான் மூச்சே விட்டேன். நான் இத்தனை நாள் பேசியும் நடக்காததை, நனைந்த கையைக் காட்டி ஒருத்தி நடத்திவிட்டாள். பொறாமையா? கொஞ்சூண்டு. பெருமைதான் ஜாஸ்தி — இப்போது அவள் எங்கள் வீட்டுப் பெண்.

ஜீப்பில் மலையிறங்கும்போது பெரியப்பா எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார்: மழை மட்டும் பெய்யாமல் இருந்திருந்தால் அவர் சாப்பிட்டிருக்கவே மாட்டாராம்.

தாராளமாக மழைமேல் பழியைப் போடுங்கள் பெரியப்பா. அதற்கு ரோஷம் கிடையாது!