வாசலில் நின்ற கரவன்

படுக்கையும் அடுப்பும் உள்ள கரவனைக் காரில் பூட்டி இழுத்துக்கொண்டு ஸ்கொட்லாந்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தோர்ண்டன் ஹீத்தில் எங்கட வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தோம். இனி வைத்தியம் இல்லை என்று டொக்டர்மார் சொன்ன பிறகு, என் மனைவி ஆசைப்பட்டுக் கேட்ட பயணம் அது. வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு வந்தேன். அவள் காரிலிருந்து இறங்கவில்லை.

"உள்ள போனா நான் திரும்பி வெளியில வரமாட்டன். கொஞ்ச நேரம் கரவனுக்குள்ளேயே இருப்பமே?"

கரவன் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரின் காரை மறித்து நின்றது. அவரோடு எங்களுக்குப் பெரிதாகப் பேச்சுவார்த்தை இல்லை. வெளியே வந்தவரிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். கரவனை எடுக்க வேண்டாம், தான் பஸ்ஸில் போவதாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

பொழுதுபடும்வரை தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தோம். பிறகு அவளே, "சரி, வாங்கோ போவம்" என்றாள்.

அவள் சொன்னபடியேதான் நடந்தது. எந்தப் பயணத்திலும் வீடு வந்தால் போதும் என்று விரைவாக ஓட்டுகிறவன் நான். அன்றைக்காவது சுற்றுப்பாதையால் வந்திருக்கலாம்.