அப்பா மொபெட் ஓட்டிய காலை

எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்புக்குள் நுழைந்த முதல் ஆள் நான்தான். நுழைந்தபோது என் மேல் சாளை மீன் நாற்றம் அடித்தது. அதற்குக் காரணம் அப்பா.

திரேஸ்புரத்துக் கடலில் வள்ளம் ஓட்ட அப்பாவை மிஞ்சி ஆளில்லை என்பார்கள். சக்கரம் வைத்த எதையும் அவர் தொட்டதில்லை. ஆனால் டவுன் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கும் நாளில் ஆட்டோவில் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. சித்தப்பாவின் மொபெட்டை வாங்கி, முந்தின சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நேராகப் போய் நேராக நின்று காட்டினார்.

"திரும்பிப் பழகலியே அண்ணே" என்றார் சித்தப்பா.

"ஏலே, அம்புட்டுக் கடலையும் பாத்தாச்சு. இது என்னலே!"

மறுநாள் வெள்ளைச் சட்டையும் இரட்டைச் சடையுமாக நான் பின்னால் உட்கார்ந்தேன். மீன் ஏலக்கூடம் தாண்டியதும் இடப்பக்கமிருந்து ஓர் அக்கா சாளைக் கூடையோடு குறுக்கே வந்தார். வலப்பக்கம் சாலை காலியாகக் கிடந்தது. அப்பா கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினார். நேராகக் கூடைக்குள் போனோம்.

யாருக்கும் அடியில்லை. என் சட்டை முழுக்கச் செதில்.

"ரோடு அம்புட்டு கெடக்கு, என் கூடைதான் ஒமக்குக் கரையாத் தெரிஞ்சுதோ!" என்றார் அக்கா.

இந்தக் கோலத்தில் யார் என்னைச் சேர்ப்பார்கள்? அழுதுகொண்டே கேட்டேன்: "அவுக பக்கமே ஏம்ப்பா திருப்புனிய?"

"நான் வெலகத்தாம்ளா திருப்புனேன்."

அப்பா என்னிடம் சொன்ன முதல் பொய் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்துக் குழாயில் சட்டையை அலசிவிட்டு சிஸ்டர் என்னைச் சேர்த்துக்கொண்டார். வாசலில் நின்று எட்டிப் பார்த்த அப்பாவுக்கு நான் கை காட்டவில்லை.

இப்போது கல்லூரி முடித்து, துறைமுகத்து அலுவலகம் ஒன்றுக்கு ஸ்கூட்டியில் போகிறேன். போன திருவிழாவில் குடும்பமாக வள்ளத்தில் ஒரு சுற்று போனபோது அப்பா சுக்கான் பிடியை என்னிடம் தந்தார். இடப்பக்கம் போக அதை வலப்பக்கம் தள்ள வேண்டும். சொல்லியும் கொடுத்தார். படித்தவள் அல்லவா, தலையாட்டினேன். நன்றாகத்தான் போனேன், வலப்பக்கம் இன்னொரு வள்ளம் நெருங்கும்வரை. பதறிய கைக்கு ஸ்கூட்டிதான் ஞாபகம் வந்தது. இடப்பக்கம் இழுத்தேன். வள்ளம் அவர்கள் மேலேயே பாய்ந்தது. அப்பா எட்டிப் பிடித்துத் திருப்பினார்.

"நான் வெலகத்தாம்ப்பா திருப்புனேன்!"

"தெரியும்ளா" என்றார் உடனே.

அன்றைக்கு நாங்கள் போனது வள்ளமாக இருந்திருந்தால், அந்த அக்காவின் கூடையில் உரசாமல் அழகாக விலகியிருப்போம். பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அது தெரியவில்லை.